கழுத்தில் எதுவும் கட்டாதீர்கள்

என் இடது தாடையில் இருப்பது என் கால் எலும்பு. இதைச் சொன்னால் சிலர் சிரிக்கிறார்கள், சிலர் குனிந்து என் காலைப் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்த எலும்பு இன்றைக்கு உயிரோடு இருக்கக் காரணமானவரைக் குற்றவாளி மாதிரி நிற்கவைத்து விசாரித்தார்களே, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. அவரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நான் எழுத்தாளன் இல்லை, லிஃப்ட் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக அடுக்குமாடிக் கட்டடங்களின் குழிக்குள் இறங்கி ஏறுகிறவன். வார்த்தை கொஞ்சம் முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஆஸ்பத்திரியில் அவரை டார்ச் சிஸ்டர் என்பார்கள். நாற்பத்தைந்து வயதிருக்கும். குள்ளம், ஒல்லி, நடை மட்டும் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் நடை. சட்டையின் இடது பையில் டார்ச், வலது பையில் கத்தரிக்கோலும் ஊசி உறையும். டார்ச் ஆஸ்பத்திரி கொடுத்ததில்லை, சொந்தமாக வாங்கியது. வார்டு விளக்குகள் மஞ்சளாக எரிந்தன. அந்த வெளிச்சத்தில் பார்த்தால் பிணம்கூட மாப்பிள்ளைக் களையோடு இருக்கும். தோலின் நிறத்தைப் பார்ப்பதுதான் தன் வேலை என்று இருந்த ஒருவருக்கு அந்த மஞ்சள் எப்படி ஒத்துப்போகும்?

தோலின் நிறத்தை ஏன் பார்க்க வேண்டும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தாடையில் ஒரு கட்டி. "நல்ல கட்டிதான், புற்றுநோய் இல்லை" என்றார் பெரிய டாக்டர். நல்ல கட்டி என்றால் அது ஏன் என் தாடையைத் தின்றுகொண்டிருக்கிறது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. இடது பக்கத் தாடை எலும்பை எடுத்தாக வேண்டும். எடுத்த இடத்தில் வைக்க என் காலிலிருந்தே எலும்பு. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உண்டாம். தடித்தது உடம்பைச் சுமக்கிறது, வெளிப்பக்கம் இருக்கும் ஒல்லி எலும்பு பெரும்பாலும் துணைக்கு நிற்கிறது. அந்த ஒல்லி எலும்பின் நடுப்பகுதியை, அதைச் சுற்றிய கொஞ்சம் சதை, மேலே ஒரு துண்டுத் தோல், அதற்கு ரத்தம் கொண்டுவரும் குழாய், கொண்டுபோகும் குழாய் எல்லாவற்றோடும் சேர்த்து எடுப்பார்கள். எலும்பை மூன்று துண்டாக்கி, தாடை வளைவுக்கு ஏற்ப வைத்து, தகடு போட்டுத் திருகுவார்கள். பிறகு மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டே அந்தக் குழாய்களைக் கழுத்தில் உள்ள குழாய்களோடு தைப்பார்கள். நூல் தலைமுடியைவிட மெல்லியது.

"இந்த மொத்தத்துக்கும் ஃப்ளாப்னு பேரு" என்றார் பெரிய டாக்டர்.

என் மனைவி சும்மா இருப்பாளா. "ஓடாத படத்தைத்தானே டாக்டர் அப்படிச் சொல்வாங்க?"

"இது ஓடணும்னுதாம்மா பத்து மணி நேரம் உட்கார்ந்து தைக்கிறோம்" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். புதன்கிழமை காலையில் கண் விழித்தபோது தொண்டையில் ஒரு குழாய் இருந்தது, அதன் வழியாகத்தான் மூச்சு. குரல் இல்லை. கால் கட்டுப் போட்டுக் கிடந்தது. மோவாய்க்குக் கீழே, பக்கவாட்டில், தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரியதாக என் கால் தோல் ஒட்டியிருந்தது, முடியோடு. உள்ளே வைத்த எலும்பை யாரும் பார்க்க முடியாது. அந்தத் தோல்தான் எலும்புக்கு ஜன்னல். தோல் நன்றாக இருந்தால் உள்ளேயும் நன்றாக இருக்கிறது என்று கணக்கு.

டார்ச் சிஸ்டர் வந்தார். வெள்ளை வெளிச்சத்தை மோவாய்க்குக் கீழே அடித்தார். விரலால் தோலை அமுக்கினார், விட்டார், "ஒண்ணு... ரெண்டு" என்று எண்ணினார். புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். "அண்ணா, உங்க கால் தோல் நல்ல பிள்ளையா இருக்கு" என்றார். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வந்தார். அதற்கடுத்த மணிக்கும் வந்தார். அன்று முழுக்க கடிகாரம் தவறினாலும் அவர் தவறவில்லை.

"வர்ற குழாய் அடைச்சா தோல் வெளுத்துச் சில்லுன்னு ஆயிடும். போற குழாய் அடைச்சா நீலமாயிடும்" என்று எனக்குப் பாடம் எடுத்தார். "நீலம்தான் அடிக்கடி வரும், ஏமாத்தறதும் அதுதான். அமுக்கி விட்டா ரெண்டு எண்றதுக்குள்ள நிறம் திரும்பணும், சரி. ஆனா விரலை எடுத்த உடனே பட்டுன்னு திரும்பினா தப்பு. ரத்தம் போக வழியில்லாம உள்ள நெருக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம். தெரியாதவங்க அதைப் பாத்து சந்தோஷப்படுவாங்க."

பதில் சொல்ல முடியாதவனிடம் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள். அன்று சாயங்காலத்துக்குள் அவருடைய வாழ்க்கையில் பாதி எனக்குத் தெரிந்துவிட்டது. வீடு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. கணவர் பார்சல் வண்டி ஓட்டுகிறார். ஒரே மகள் கல்லூரியில் கணக்குப் படிக்கிறாள். "அவகிட்ட எனக்குக் கொஞ்சம் பயம்தான் அண்ணா, எதைச் சொன்னாலும் ஆதாரம் கேக்கறா." பதினோரு வருடத்துக்கு முன்னால் அவர் எலும்பு வார்டில் சாதாரண நர்ஸ். பைக் விபத்தில் ஒரு இளைஞனுக்குக் கால் சிதைந்து எலும்பு வெளியே தெரிந்தது. முதுகிலிருந்து சதையை எடுத்து அதன்மேல் போர்த்தித் தைத்திருந்தார்கள். காலை பதினோரு மணிக்கு சதையின் ஓரத்தில் லேசான நீலத்தைப் பார்த்தார். குறிப்பேட்டில் எழுதினார். டியூட்டி டாக்டருக்குச் சொன்னார். "வரேன்" என்றார் டாக்டர். பன்னிரண்டு மணிக்கு மறுபடி எழுதினார், மறுபடி சொன்னார். ஒரு மணிக்கும் எழுதினார். நாலு மணிக்கு வந்து பார்த்தபோது சதை கறுத்துவிட்டிருந்தது. பத்து நாளில் காலை எடுத்துவிட்டார்கள்.

"விசாரணை வெச்சாங்க அண்ணா. என் நோட்டை எடுத்துப் பாத்துட்டு, இவங்க குறிப்பு எல்லாருக்கும் முன்மாதிரின்னு பாராட்டுக் கடிதம் குடுத்தாங்க. அந்தப் பையனுக்குக் கால் போச்சு, எனக்குப் பாராட்டு. வீட்டுக்குப் போய் ஒரு வாய் சோறு இறங்கல."

அதற்குப் பிறகு பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டிருக்கிறார். விடுமுறை நாட்களில் ஆபரேஷன் தியேட்டரில் ஓரமாக நின்று, குழாய் எங்கே ஓடுகிறது, எப்படித் தைக்கிறார்கள் என்று மணிக்கணக்கில் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஃப்ளாப் வைத்தவர்களுக்கென்று இரண்டு படுக்கை ஒதுக்கியபோது அந்த இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார். "எழுதிட்டு நிக்கறது இனிமே கிடையாதுன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன்" என்றார். இதைச் சொல்லும்போதும் விரல் என் மோவாய்க்குக் கீழேதான் இருந்தது.

என் தலைமாட்டுச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. சிவப்பு மையில், பெரிய எழுத்தில், அவர் கைப்பட எழுதியது: 'கழுத்தில் எதுவும் கட்டாதீர்கள்.' தொண்டையில் குழாய் வைத்தவர்களுக்கு அது நழுவாமல் இருக்கக் கழுத்தைச் சுற்றி நாடா கட்டுவது வழக்கம். எனக்கு மட்டும் குழாயைத் தோலோடு நான்கு இடத்தில் தைத்திருந்தார்கள். காரணம், ரத்தம் வெளியேறும் குழாய் கழுத்துத் தோலுக்குச் சற்றுக் கீழே ஓடுகிறது, அது மெல்லியது. கழுத்தில் வீக்கமும் இருந்ததால் ஒரு நாடா அழுத்தினால் போதும், நசுங்கிவிடும்.

எங்கள் தொழிலிலும் இப்படி ஒரு அட்டை உண்டு. குழிக்குள் இறங்கும்போது மெயின் சுவிட்சில் 'ஆள் வேலை செய்கிறார், சுவிட்சைப் போடாதீர்கள்' என்று மாட்டிவிட்டுத்தான் இறங்குவோம். எழுத்து கோணலாக இருக்கும், எண்ணெய்க் கறை இருக்கும். மாட்டியவனைத் தவிர வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். அழகாக இல்லை என்று ஒருத்தன் அதைக் கழற்றினால் எங்கள் ஆட்கள் அவனைச் சும்மா விட மாட்டார்கள்.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் கொடுக்கும் குழு வருகிறது. காலை ஒன்பது மணிக்குத் தர அதிகாரி கடைசி முறையாக ஒரு சுற்று வந்தார். இஸ்திரி கலையாத மனிதர். கையில் ஃபைல், ஃபைலில் பட்டியல், பட்டியலில் கட்டங்கள். இதற்கு முன்னால் விமான நிலையத்தில் தரம் பார்த்தவராம். என் தலைமாட்டில் வந்து நின்றார்.

"இது என்ன பேப்பர்?"

"ஃப்ளாப் பேஷன்ட் சார். கழுத்துல நாடா கட்டக் கூடாது. அதுக்காக ஒட்டியிருக்கேன்" என்றார் சிஸ்டர்.

"கையால எழுதின எதுவும் சுவத்துல இருக்கக் கூடாதுன்னு போன வாரமே சுற்றறிக்கை வந்துதே."

"அப்ப டைப் அடிச்சுக் குடுங்க சார், அதை ஒட்டிக்கறேன்."

"அதுக்குக் கமிட்டி ஒப்புதல் வேணும்" என்று சொல்லிக்கொண்டே நகத்தால் காகிதத்தின் மூலையைக் கிளப்பி, உரித்து, நான்காக மடித்து ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். "பத்து மணிக்குத் தீயணைப்பு செயல்விளக்கம். ஒவ்வொரு வார்டுலேருந்தும் சீனியர் ஒருத்தர் கீழ நிக்கணும். உங்க பேர் போட்டிருக்கு."

"இன்னைக்கு ரெண்டாவது நாள் சார். நான் இங்கேருந்து நகர முடியாது."

"உங்களுக்குப் பதிலா ஐசியூலேருந்து ஆள் வராங்க. பதினஞ்சு வருஷ அனுபவம்."

"அவங்ககிட்ட கழுத்து விஷயத்தைச் சொல்லணும் சார்."

"நான் சொல்லிடறேன். நீங்க கிளம்புங்க."

நான் சொல்லிடறேன். இந்த இரண்டு வார்த்தையைத் தயவுசெய்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் விசாரணையில் இது மட்டும் யாருடைய ஞாபகத்திலும் இல்லை. சிஸ்டர் ஐசியூவுக்கு இரண்டு தடவை போன் போட்டார், யாரும் எடுக்கவில்லை. கீழேயிருந்து மூன்றாவது முறை ஆள் வந்து கூப்பிட்டது. "அண்ணா, யாராவது கட்ட வந்தாங்கன்னா கையைப் புடிச்சுக்கோங்க, விடாதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு, போக மனமில்லாமல் போனார்.

பத்தேகாலுக்கு ஐசியூ நர்ஸ் வந்தார். நல்ல மனுஷி, கைதேர்ந்தவர், அதை இப்போதும் சொல்வேன். தர அதிகாரியும் கூடவே வந்தார். சொன்னாரா? சொன்னார். "இவருக்கு நாடா இல்ல, பட்டியல்ல கட்டம் காலியா இருக்கு, பாத்துக்கோங்க" என்று சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் தன் கையாலேயே உரித்த காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்பது அந்த மனிதருக்கு மறந்துவிட்டது. படித்திருந்தால்தானே மறப்பதற்கு.

நர்ஸ் நாடாவை எடுத்தார். நான் அவர் கையைப் பிடித்தேன். "பயப்படாதீங்க அண்ணா, குழாய் வெளிய வந்துட்டா மூச்சு நின்னுடும், உங்க நல்லதுக்குத்தான்" என்றார். எழுதும் அட்டையை இழுத்து 'கட்டாதே' என்று எழுதிக் காட்டினேன். வலி மருந்தின் மயக்கத்தில் அதற்குமேல் ஒரு எழுத்து வரவில்லை. அவர் படித்தார். "எல்லாரும் இதைத்தான் எழுதுவாங்க. ரெண்டு நாள்ல பழகிடும்" என்று சிரித்துக்கொண்டே கட்டினார். பல்லாயிரம் தடவை கட்டிய கை. இரண்டு விரல் நுழையும் இடைவெளி விட்டு, முடிச்சு தோலில் உறுத்தாமல், அவ்வளவு சுத்தமான கட்டு. கட்டத் தெரியாதவர் கட்டியிருந்தால் ஒருவேளை அவிழ்ந்துபோயிருக்கும்.

நான் நாடாவைப் பிடித்து இழுத்தேன். 'நோயாளி அமைதியின்றி இருக்கிறார்' என்று அவர் எழுதினார். மறுபடி இழுத்தேன். குழாயைப் பிடுங்கிவிடுவேன் என்று பயந்து, என் வலது மணிக்கட்டைத் துணிப்பட்டையால் கட்டில் கம்பியோடு கட்டினார். இடது கையில் ஏற்கனவே ட்ரிப் போட்டுப் பலகை வைத்துக் கட்டியிருந்தது. காலில் மாவுக்கட்டு மாதிரி பெரிய கட்டு, அசைக்க முடியாது. வாயில் குரல் இல்லை. மனைவி உள்ளே வரக் கூடாது, குழு வருகிற நாளில் பார்வையாளர் அனுமதி இல்லை. அந்தக் கட்டடத்திலேயே விஷயம் தெரிந்த ஒரே ஆள் நான், என்னைக் கட்டிப் போட்டுவிட்டார்கள்.

வலித்திருந்தால் முகத்திலாவது காட்டியிருப்பேன். ஒட்டிய தோலுக்கு உணர்ச்சி கிடையாது. அது செத்தாலும் எனக்குத் தெரியாது. எதிர்ச் சுவரில் கடிகாரம் மட்டும் இருந்தது, பதினொன்று, பதினொன்றரை என்று பார்த்துக்கொண்டே கிடந்தேன். பன்னிரண்டு மணிக்குச் சின்ன டாக்டர் வந்தார். படித்து முடித்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருக்கும். மஞ்சள் விளக்கில் குனிந்து தோலை அமுக்கிப் பார்த்தார். "விட்ட உடனே ரத்தம் வருது. அருமை" என்றார். கட்டத்தில் 'நன்று' என்று எழுதினார். நான் கட்டிலைக் குலுக்கினேன். தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

சிஸ்டர் திரும்பியபோது மணி பன்னிரண்டு நாற்பது. தீயணைப்புப் பொடி ஒரு கையெல்லாம் வெள்ளையாக ஒட்டியிருந்தது. கதவைத் திறந்ததுமே நின்றுவிட்டார். முதலில் என் கழுத்தைப் பார்த்தார், அப்புறம் என் மணிக்கட்டைப் பார்த்தார். டார்ச்சை எடுக்கக்கூட இல்லை. கத்தரிக்கோலை எடுத்து நாடாவை ஒரே வெட்டாக வெட்டினார். ஊசியால் தோலில் ஒரு குத்து. வந்த ரத்தத்தைப் பஞ்சில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார், கத்தரிக்காய் நிறம். என் கைக்கட்டையும் வெட்டினார். "மன்னிச்சுக்கோங்க அண்ணா" என்று சொல்லிவிட்டுப் பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது.

மிச்சத்தை என் மனைவி சொல்லித்தான் தெரியும். அவளைப் படிக்கட்டுத் திருப்பத்தில் உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு லிஃப்டையும் குழுவுக்காகச் சாவி போட்டு நிறுத்தியிருந்தார்கள். அந்தச் சாவி எதற்கென்று எனக்குத் தெரியும், ஸ்ட்ரெச்சர் போகும்போது வழியில் யாரும் நிறுத்தக் கூடாது என்பதற்காக நாங்கள் பொருத்திக் கொடுப்பது. சிஸ்டர் மூன்று மாடி படியேறி ஓடியிருக்கிறார், பின்னாலேயே என் மனைவியும். மேலே கூட்ட அறையின் வாசலில் ஒரு தட்டில் எல்லாருடைய போனும் அணைத்து அடுக்கியிருந்ததாம். வாசலில் நின்ற ஆள் தடுத்தார். சிஸ்டர் அவரைத் தோளால் தள்ளிவிட்டு உள்ளே போனார். பன்னிரண்டு பேர், பூங்கொத்து, தண்ணீர் பாட்டில்கள், திரையில் ஏதோ படம்.

"சார், தாடை நீலமாயிடுச்சு. ரெண்டரை மணி நேரம் இருக்கும்" என்றார் சிஸ்டர்.

பெரிய டாக்டர் எழுந்த வேகத்தில் நாற்காலி விழுந்தது. தர அதிகாரி சொன்ன வார்த்தையை என் மனைவி இன்றுவரை அதே குரலில் பேசிக் காட்டுகிறாள்: "சிஸ்டர், கொஞ்சம் வெளிய வெயிட் பண்ணுங்க." அதற்குள் டாக்டர் படியில் பாதி இறங்கிவிட்டிருந்தார்.

கழுத்தை மறுபடி திறந்தார்கள். குழாய்க்குள் உறைந்திருந்த ரத்தத்தை எடுத்து, கெட்ட பகுதியை வெட்டிவிட்டு, வேறொரு குழாயோடு தைத்தார்கள். நான்கு மணி நேரம். இன்னும் ஒரு மணி தாமதித்திருந்தால் எலும்பு போயிருக்கும் என்றார் பெரிய டாக்டர். மறுநாள் காலையில் சிஸ்டர் அமுக்கி, விட்டு, "ஒண்ணு... ரெண்டு" என்று எண்ணினார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் அழுதார். ஐசியூ நர்ஸும் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழாதவர் ஒருவர்தான்.

ஆஸ்பத்திரிக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. எட்டாம் நாள் டார்ச் சிஸ்டருக்கு மெமோ வந்தது. அனுமதியில்லாமல் கூட்ட அறைக்குள் நுழைந்தது ஒன்று. வாயிலில் நின்ற ஊழியரைத் தள்ளியது இரண்டு. மருத்துவர் உத்தரவு இல்லாமல், எழுதப்பட்ட நடைமுறைக்கு மாறாக நாடாவை வெட்டியது மூன்று. குற்றம் உறுதியானால் அவரை ஃப்ளாப் படுக்கைகளிலிருந்து எடுத்து மருந்துக் கிடங்குக்கு மாற்றுவார்கள். கால் போனதற்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்த அதே ஆஸ்பத்திரி, தாடை பிழைத்ததற்கு மெமோ கொடுக்கிறது. இதை எந்த ஊரில் போய்ச் சொல்வது?

அது போதாதென்று தர அதிகாரி என்னிடமே ஒரு காகிதத்தைக் கொண்டுவந்தார். டைப் அடித்து, என் பெயர் போட்டு, கையெழுத்துக்குப் புள்ளி வைத்துத் தயாராக இருந்தது. 'குழப்ப நிலையில் இருந்த நான் நாடாவை இழுத்ததால் அது இறுகியது' என்று அதில் எழுதியிருந்தது. என் மனைவி வாங்கிப் படித்தாள்.

"இழுத்தாரு. கழட்டறதுக்கு இழுத்தாரு. அதுக்காகக் கையைக் கட்டிப் போட்டீங்களே, அதையும் சேர்த்து எழுதிட்டு வாங்க, கையெழுத்துப் போடுவாரு."

"இது வெறும் நடைமுறைம்மா."

"எங்க வீட்டுக்காரர் கழுத்து உங்களுக்கு நடைமுறையா?" என்று கேட்டுவிட்டு, அந்தக் காகிதத்தை அவரைப் போலவே நான்காக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அந்த ஒரு நிமிடம் எனக்குப் புதுத் தாடை வலியெல்லாம் பறந்துபோனது.

பதினைந்தாம் நாள் விசாரணை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர், அவர்களில் ஒருவர் அதே தர அதிகாரி. யாரைப் பற்றிய புகாரை யார் விசாரிப்பது என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. பெரிய டாக்டர் வந்தார். சிஸ்டர் செய்தது மருத்துவ ரீதியாகச் சரி என்று நான்கு வரி சொல்லிவிட்டு, தியேட்டரில் ஆள் காத்திருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். பத்து மணி நேரம் உட்கார்ந்து என்னைத் தைத்த கை அது, நன்றி மறக்க மாட்டேன். ஆனால் அந்த அறையில் இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாம்.

நான் ஊன்றுகோலோடு எழுந்து நின்றேன். தொண்டைக் குழாயை எடுத்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பாதி உதடு சொன்னபடி கேட்காது, எச்சில் ஒழுகும். "நான் சொல்லிடறேன்னு சொன்னது இவருதான். சொல்லல. கட்டச் சொன்னதும் இவருதான். சிஸ்டர் வரலைன்னா எனக்குத் தாடை இல்ல" என்றேன். என் வாயில் அது எப்படி வந்திருக்கும் என்று எனக்கே தெரியும். மூன்று பேரும் என்னைப் பார்க்காமல் என் மனைவியைப் பார்த்தார்கள்.

"என்ன சொல்றாரு?"

அவள் வார்த்தை மாறாமல் சொன்னாள். எழுதிக்கொண்டிருந்தவர் என்ன எழுதினார் என்று பின்னால் எட்டிப் பார்த்தாள்: 'நோயாளியின் பேச்சு தெளிவாக இல்லை. துணைவியார் தன் கருத்தைக் கூறினார்.'

அரை மணி நேரம் வெளியே நிற்க வைத்துவிட்டு சிஸ்டரைக் கூப்பிட்டார்கள், கதவு திறந்தே இருந்தது. கூட்டத்துக்குள் நுழைந்ததற்கும் நாடாவை வெட்டியதற்கும் வருத்தம் தெரிவித்து, இனி இப்படி நடக்காது என்று எழுதிக் கொடுத்தால் இத்தோடு விட்டுவிடுகிறோம், இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து கிடங்கு என்றார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், பழைய பற்கள் இருக்கும் பக்கத்தில்தான். எழுதிக் கொடுக்க மாட்டார் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். மாட்டேன் என்று அவர் சொல்லப்போகும் வார்த்தையைக் கேட்கக் காத்திருந்தேன். உள்ளே, "பேப்பர் குடுங்க சார்" என்ற குரல் கேட்டது. கால் மணி நேரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அதிகாரி மேல் வந்ததைவிட, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, சிஸ்டர் மேல்தான் அதிகம் வந்தது. அவருக்காக நான் எச்சில் ஒழுக நின்று பேசினேன், என் மனைவி சண்டை போட்டாள், அவரோ ஒரே தாளில் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டார். தாழ்வாரத்தில் மறித்தேன்.

"ஏன் எழுதிக் குடுத்தீங்க?"

அவருக்கு நான் பேசுவது முதல் தடவையிலேயே புரிந்தது. "நாளைக்கு ஒரு பொண்ணு வரா அண்ணா. இருபத்திரண்டு வயசு. மெஷின்ல முன்கை மாட்டிடுச்சு. தொடையிலேருந்து சதை எடுத்து வெக்கப் போறாங்க. நான் கிடங்குல உட்கார்ந்து மாத்திரை எண்ணிட்டிருந்தா அந்தக் கையை யார் பாக்கறது?"

"இனிமே நடக்காதுன்னு எழுதியிருக்கீங்க. நாளைக்கு அந்தக் கை நீலமானா? டாக்டர் மறுபடி கூட்டத்துல இருந்தா?"

"போவேன்."

"அப்புறம்?"

சிஸ்டர் கையிலிருந்த உறையைத் திறந்து காட்டினார். கொடுத்த மன்னிப்புக் கடிதத்தை, கொடுப்பதற்கு முன்னால் உள்கதவு வழியாகப் பக்கத்து அறைக்குப் போய் நகல் எடுத்துக்கொண்டுவிட்டாராம். கையெழுத்தெல்லாம் போட்டுத் தயாராக இருந்தது. தேதி இருந்த இடத்தை மட்டும் ஒரு துண்டுக் காகிதம் வைத்து மறைத்துப் பிரதி எடுத்திருந்ததால் அந்த இடம் வெள்ளையாக இருந்தது. நான் எண்ணிப் பார்த்தேன், பத்துப் பிரதிகள்.

"ரிடையர் ஆறதுக்குள்ள பத்து தடவைக்கு மேல நீலம் வராதுன்னு சொல்ல முடியாது அண்ணா" என்றார். "தீர்ந்தா மறுபடி எடுத்துக்கலாம்."